வேட்டைச் சவாரிக் கோட்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் சேணத்தில் உட்காருங்கள்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் வசிக்கும் நான், நாற்பது வயதைக் கடந்த பிறகு குதிரையேற்றம் பழகி, மனிதர் ஒருவர் முன்னால் ஓட அவருடைய வாடையைப் பிடித்து நாய்கள் துரத்தும் பிளட்ஹவுண்ட் வேட்டைக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டு விலங்குகளை நாய்களை வைத்து வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் சில விலக்குகளோடு தடை செய்திருப்பதால், புதிதாக வருகிறவர்கள் சட்டச் சிக்கலோ மனச் சங்கடமோ இல்லாமல் சேரக்கூடியவை இத்தகைய குழுக்கள்தாம் என்பது என் கருத்து. குதிரையை வாடகைக்கு எடுக்கலாம், சவாரியைப் பயிற்சியில் கற்கலாம். கோட்டு விஷயத்தில்தான் நான் இரண்டு முறை ஏமாந்து, 340 பவுண்டு செலவழித்த பின்னும் மூன்றாவது கோட்டைத் தேட வேண்டியிருந்தது.

முதல் கோட்டைக் கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளை போல இருந்தேன். சேணத்தில் ஏறிக் கடிவாள வாரைப் பிடித்ததும் கோட்டின் கை மூன்று அங்குலம் மேலேறியது, முதுகு இறுகியது, இடுப்புக்குக் கீழே தொங்கும் முன்பக்க வால்கள் இரண்டும் தொடையை விட்டு விலகி நின்றன. அன்று பெய்த மழை முழுவதும் என் மடியில்தான் தேங்கியது. அந்த அனுபவத்திலிருந்து நான் கற்றவற்றை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் கோட்டு என்பதைக் குழுவின் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு வேட்டைக் குழுவுக்கும் ஒரு செயலாளர் இருப்பார். எந்த மாதத்தில் எந்த உடை, எந்த நிறம், எந்தப் பொத்தான் என்று கேட்டு அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்; வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பொதுவான வழக்கம் வருமாறு: பருவம் முறையாகத் தொடங்கும் நவம்பர் மாதத் தொடக்கக் கூடுகைக்கு முந்தைய இலையுதிர்கால நாட்களில் ட்வீட் என்ற சொரசொரப்பான கம்பளித் துணியில் தைத்த கோட்டு, அதன்பின் பருவம் முடியும் மார்ச் வரை கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு. இந்த ட்வீட் உடைக்கு 'ராட்கேச்சர்' என்று பெயர். எனக்கு வந்த முதல் கடிதத்தில் 'ராட்கேச்சர் அணிந்து வரவும்' என்று இருந்ததைப் பார்த்து, எலி பிடிக்கிறவனாகவா வரச் சொல்கிறார்கள் என்று திகைத்தேன்.

சிவப்புக் கோட்டை நீங்கள் வாங்க வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு வேட்டைக் கோட்டு என்றாலே, ஊட்டி ஹண்ட் படங்களில் பார்த்த சிவப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் சிவப்பு என்பது மாஸ்டர் எனப்படும் குழுத் தலைவர்களுக்கும், நாய்களை நடத்தும் பணியாளர்களுக்கும், குழுவின் பொத்தானை அணிய அழைக்கப்பட்ட ஆண் உறுப்பினர்களுக்கும் உரியது. விளம்பரங்களில் 'பிங்க்' என்று குறிப்பிடப்படுவதும் இந்தச் சிவப்பைத்தான். இளஞ்சிவப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

பொத்தானிலும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண உறுப்பினர் கோட்டின் முன்பக்கத்தில் மூன்று பொத்தான்கள், மாஸ்டருக்கு நான்கு, பணியாளர்களுக்கு ஐந்து என்பது பரவலான வழக்கம். புதியவர் எழுத்துப் பொறிக்காத வெறும் கறுப்புப் பொத்தான் வைத்த கோட்டையே அணிய வேண்டும். குழுவின் முத்திரை பொறித்த பொத்தானை மாஸ்டர் என்றாவது ஒருநாள் தானாகத் தருவார், நாம் கேட்கக் கூடாது. நான் இரண்டாவதாக வாங்கிய பழைய கோட்டில் வேறொரு குழுவின் பொத்தான்கள் இருந்தன. அவை வெறும் அலங்காரம் என்று நினைத்து அப்படியே போட்டுக்கொண்டு போனேன். முதல் வேலியருகே எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் குதிரையை என் பக்கம் கொண்டுவந்து, என் நெஞ்சுப் பொத்தானைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அங்கே எத்தனை பருவம் சவாரி செய்தீர்கள்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

முதல் பருவத்துக்கு ஒரே ஒரு கோட்டுதான் வாங்க முடியும் என்றால், ட்வீட் கோட்டை வாங்குங்கள் என்பேன். பல குழுக்கள் புதியவர்களும் விருந்தினர்களும் பருவம் முழுவதும் ட்வீட்டில் வருவதை ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் குழு ஏற்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

2. வேட்டைக் கோட்டுக்கும் போட்டிக் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியுங்கள்

கடைகளில் 'சவாரிக் கோட்டு' என்ற ஒரே பெயரில் இரண்டு வகைகள் தொங்கும். போட்டிகளில் சில நிமிடம் அணிவதற்கான கோட்டு மெல்லியது, பெரும்பாலும் செயற்கை இழையில் ஆனது, வால் குட்டையானது. வேட்டைக் கோட்டு மழையிலும் முள்வேலியிலும் நாலைந்து மணி நேரம் தாங்க வேண்டியது. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒன்று சட்டை போல இருக்கும், மற்றது ஈரக் கம்பளி போலக் கனக்கும். என் முதல் கோட்டு போட்டிக் கோட்டுதான் என்பது மழை விட்ட பிறகே எனக்குப் புரிந்தது.

துணியின் எடையை இங்கே இன்னும் அவுன்ஸில்தான் சொல்வார்கள். அது ஒரு கெஜ நீளத் துணியின் எடை. ஓர் அவுன்ஸ் என்பது மீட்டருக்கு ஏறத்தாழ 31 கிராம். பழைய பாணிக் கறுப்பு வேட்டைக் கோட்டுக்கு 24 முதல் 32 அவுன்ஸ் வரை கனமுள்ள மெல்டன் கம்பளித் துணி சிறந்தது, அதாவது மீட்டருக்கு 740 முதல் 990 கிராம். இழைகள் தெரியாத அளவுக்கு நெருக்கி அடிக்கப்பட்ட இந்தத் துணியில் மழைநீர் உடனே ஊறாது, முள்ளும் எளிதில் கிழிக்காது. லெஸ்டருக்குப் பக்கத்திலுள்ள மெல்டன் மோப்ரே ஊரின் பெயரே இந்தத் துணிக்கு வந்தது. ட்வீட் கோட்டுக்கு 18 முதல் 20 அவுன்ஸ் போதும். எடையைக் கேட்டால் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வேட்டைக் கோட்டு வாங்காதீர்கள்.

கோட்டைத் திருப்பி உள்பக்கத்தையும் பாருங்கள். வால் பகுதியின் உள்ளே, சேணத்தின் மேல் படியும் இடத்தில், நீர் ஊறாத துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். ஈரச் சேணமும் குதிரையின் வியர்வையும் கோட்டைப் பாழாக்காமல் காப்பது அதுதான். கைமுனைக்கு உள்ளே காற்றுப் புகாதபடி பின்னல் பட்டை இருப்பதும், கழுத்துப்பட்டையைத் தூக்கிப் பொத்தானிட ஒரு சிறு நாக்குத்துணி இருப்பதும் நல்ல கோட்டின் அடையாளங்கள்.

3. சேணத்தில் உட்கார்ந்து அளவு கொடுங்கள், உட்கார்ந்தே ட்ரையல் பாருங்கள்

நேரமும் பணமும் பெரும்பாலும் வீணாவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிற்கும் உடம்பும் சவாரி செய்யும் உடம்பும் ஒன்றல்ல. சேணத்தில் அமரும்போது கைகள் முன்னால் நீளுகின்றன, முழங்கை மடங்குகிறது, தோள்பட்டைகள் விலகி முதுகு அகலமாகிறது, தொடை இடுப்போடு மடிந்து கோட்டின் முன்பக்கத்தை மேலே தள்ளுகிறது. ஆகவே நல்ல வேட்டைக் கோட்டு, நிற்கும்போது சற்று விசித்திரமாகவே தோன்றும்: கை கட்டைவிரல் அடிவரை நீண்டிருக்கும், முதுகில் கொஞ்சம் துணி மிச்சமிருக்கும், இடுப்புக்குக் கீழே பாவாடை போல விரிந்திருக்கும். இதைக் குறை என்று நினைத்து, அலுவலகக் கோட்டுத் தைக்கும் தையற்காரரிடம் கொடுத்து 'சரி' செய்துவிட்டால், கோட்டுப் போனது போனதுதான்.

சில பழைய தையற்கடைகளில் அளவெடுப்பதற்கென்றே சேணம் பூட்டிய மரக்குதிரை வைத்திருப்பார்கள். குதிரைச் சாமான் கடைகளில் சேணத்தைச் சோதிக்கப் போட்டிருக்கும் தாங்கியில் உட்கார அனுமதி கேளுங்கள், யாரும் மறுப்பதில்லை. எதுவுமே இல்லை என்றால், கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சாய்வை நோக்கிக் கால்களை அகட்டி உட்காருங்கள். பார்க்கிறவர் சிரிப்பார், பரவாயில்லை.

அப்படி உட்கார்ந்து, வாரைப் பிடிப்பது போலக் கைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கைமுனை மணிக்கட்டு எலும்பை மூடியிருக்க வேண்டும். இரு கைகளையும் குதிரையின் காதுகள் வரை நீட்டுவது போல நீட்டும்போது, கோட்டு முழுவதும் மேலே ஏறக் கூடாது. ஏறினால், அக்குளடியில் கை இணையும் வளைவு தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த வளைவு அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால்தான் கை தனியாக அசையும், உடம்புப் பகுதி அசையாமல் இருக்கும். இது கேட்பதற்கு முரணாக இருக்கும். நானும் 'அக்குள் தாராளமாக இருந்தால் வசதி' என்றே நம்பியிருந்தேன். தாராளமான அக்குள் கையோடு சேர்த்துக் கோட்டையே இழுக்கும்.

பின்னால் உள்ள ஒற்றைப் பிளவு, சேணத்தின் பின்மேட்டுக்கு இருபுறமும் வால்கள் தானாகப் பிரிந்து விழும் அளவுக்கு உயரமாகத் தொடங்க வேண்டும். முன்வால்கள் மடியை மறைத்துத் தொடையின் மேல் படிய வேண்டும். அதே நேரத்தில் முன்மூலை வளைவாக வெட்டப்பட்டு, சேணத்தின் முன்மேட்டில் சிக்காமல் இருக்க வேண்டும். நண்பர் ஒருவரை அழைத்துப்போய்ப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் இந்த இரண்டையும் நீங்களாகப் பார்க்க முடியாது.

அளவெடுக்கப் போகும்போது உள்ளே அணியப்போகும் அனைத்தையும் அணிந்து செல்லுங்கள்: சட்டை, கழுத்தில் கட்டும் ஸ்டாக், கம்பளி வாஸ்கோட், மார்புக் காப்பு. மார்புக் காப்பைக் கோட்டுக்கு உள்ளே அணிவதாக இருந்தால் மார்புச் சுற்றளவு பல அங்குலம் கூடிவிடும். காற்று நிரம்பும் பாதுகாப்பு வாஸ்கோட்டை இறுக்கமான கோட்டுக்குள் அணியவே கூடாது, விழும்போது அது உப்ப இடம் வேண்டும். அதைக் கோட்டுக்கு மேலே அணிவதுதான் முறை.

தோள் ஒடுங்கி, உயரம் குறைந்த நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆயத்தக் கோட்டுகளில் மார்பளவு பொருந்தினால் வால் முழங்காலைத் தொடும். அளவு எண்ணுக்குப் பக்கத்தில் 'ஷார்ட்' என்று குறித்த வரிசை இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்தடி ஐந்து அங்குல உயரமுள்ள எனக்கு '38 ஷார்ட்' கச்சிதமாகப் பொருந்துகிறது. '38 ரெகுலர்' அண்ணன் சட்டையை மாட்டிய தம்பியின் தோற்றத்தைத் தருகிறது.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

நான் விசாரித்த இடங்களில் கிடைத்த விலைகளைச் சொல்கிறேன்; ஊருக்கு ஊர் மாறும். பழைய கோட்டு 60 முதல் 150 பவுண்டு வரை. கடையில் தொங்கும் ஆயத்த வேட்டைக் கோட்டு 250 முதல் 450 வரை. இருக்கும் வெட்டு மாதிரியை உங்கள் அளவுக்கு மாற்றித் தைப்பது 700 முதல் 1,200 வரை. உங்களுக்கென்றே தனி வெட்டு வரைந்து தைப்பது 1,500க்கு மேல். லண்டனின் தையற்கடைத் தெருவான சாவில் ரோவில் இந்த வேலைக்குப் பெயர் பெற்ற, 1849இல் தொடங்கப்பட்ட ஹண்ட்ஸ்மன் போன்ற கடைகளில் இது பல ஆயிரம் பவுண்டு ஆகும் என்பதால், முதல் பருவத்தில் அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போனால் போதும்.

பெரியவர்களின் உடைகளுக்கு இங்கே 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. தையற்காரர் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். 900 என்று கேட்டுச் சென்ற என் நண்பர் 1,080 கொடுத்துவிட்டு வந்தார். சிறுவர் உடைகளுக்கு அந்த வரி இல்லை. ஆகவே உங்கள் உடல்வாகு சிறியதாக இருந்தால் சிறுவர் பிரிவின் பெரிய அளவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

என் பரிந்துரை: நல்ல கனமான பழைய கோட்டை வாங்கி, திறமையான தையற்காரரிடம் நூறு பவுண்டு அளவில் திருத்தம் செய்துகொள்வது. என் மூன்றாவது கோட்டு அப்படி வந்ததுதான்.

5. பழைய கோட்டைச் சோதிக்கும் முறை

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடுப்பைப் பிடிக்கலாம், கைமுனையில் உள்ளே மடித்த துணி இருந்தால் கையை நீட்டலாம், பொத்தானை மாற்றலாம், உள்துணியைப் புதிதாக வைக்கலாம். தோள் அகலத்தையும், அக்குள் வளைவையும், பின்பிளவின் உயரத்தையும் மாற்றுவது புதுக் கோட்டுத் தைப்பதற்குச் சமம். தோள் பொருந்தாத கோட்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

தொலைவிலிருந்து வாங்கும்போது, கோட்டைத் தரையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள். அதன் இரு மடங்குதான் கோட்டின் மார்பளவு. பட்டையில் எழுதிய எண்ணை நம்ப வேண்டாம், ஏனெனில் இடையில் யாராவது பிரித்துத் தைத்திருப்பார்கள். தனியாகத் தைக்கப்பட்ட பழைய கோட்டாக இருந்தால் உள்பையின் உள்ளே ஒரு சிறு துணிச்சீட்டில் அணிந்தவரின் பெயரும் தைத்த தேதியும் மையால் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீட்டின் படத்தைக் கேட்டு வாங்கினால், எத்தனை வயதான கோட்டு என்பது தெரிந்துவிடும்.

கோட்டுக் கைக்கு வந்ததும் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த இடங்கள் ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளிரும். கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் பூச்சி முதலில் குடியேறும். ஐயம் இருந்தால் கோட்டைப் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்துவிட்டு, பிறகே மற்ற உடைகளோடு தொங்கவிடுங்கள். வாலின் உள்ளே ரப்பர் பூசிய துணி இருந்தால் அதை மடித்துப் பாருங்கள். பழைய அப்பளம் போல நொறுங்கினால் அதை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

6. பணம் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

தைக்கக் கொடுக்கும்போது வாய்ப்பேச்சு போதாது. துணியின் பெயரும் எடையும், உள்துணி வகை, பொத்தான் எண்ணிக்கை, வரியுடன் சேர்ந்த மொத்த விலை, முன்பணம், எத்தனை ட்ரையல், முடித்துத் தரும் தேதி, முடிந்த பின் செய்யும் திருத்தத்துக்குக் கட்டணம் உண்டா இல்லையா ஆகியவை எழுதப்பட்ட ஒரு தாளை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தேதி எழுதப்படாததால், நவம்பருக்குக் கேட்ட கோட்டு பிப்ரவரியில் வந்தது.

கடையிலிருந்து இணையவழியில் வாங்கும் ஆயத்தக் கோட்டைக் கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் அளவுக்கென்றே தைக்கப்பட்ட கோட்டுக்கு இந்த உரிமை கிடையாது. தனிநபர் விற்கும் பழைய கோட்டுக்கும் கிடையாது. என் முதல் கோட்டில் நான் செய்த தவறு, பட்டையைக் கிழித்து, மழையில் நனைத்த பிறகு திருப்பிக் கொடுக்க நினைத்ததுதான். ஆகவே கோட்டு வந்த அன்றே வீட்டுக்குள் நாற்காலிச் சோதனையைச் செய்து பாருங்கள்.

100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு முன்பணத்தையாவது கடன் அட்டையில் கட்டினால், கடை கைவிரித்தாலும் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி அட்டை நிறுவனத்திடம் கேட்க முடியும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், 135 பவுண்டுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்குச் சுங்கமும் வரியும் வாசலில் கேட்பார்கள். அதையும் கூட்டிப் பார்த்தால் மலிவு என்பது பெரும்பாலும் கரைந்துவிடும்.

7. எப்போது தொடங்குவது

மார்ச்சில் பருவம் முடிந்தவுடன் பலர் தங்கள் பழைய கோட்டுகளை விற்பார்கள். ஏப்ரலும் மே மாதமும் தேடுவதற்கு ஏற்றவை. தைக்கக் கொடுப்பவர் மே அல்லது ஜூனில் அளவு கொடுத்துவிட வேண்டும். மூன்று ட்ரையல்களோடு முடிக்கப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். செப்டம்பரில் போய்க் கேட்டால் தையற்காரர் சிரித்த முகத்தோடு அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார். கோடையில் உடம்பு இளைத்திருக்கிறதா என்பதையும் மனத்தில் வையுங்கள். நான் ஜூலையில் கொடுத்த இடுப்பளவு டிசம்பரில் பொய்யாகிவிட்டது.

8. முதல் நாளுக்கு முன்னும் பின்னும்

புதுக் கோட்டை முதல் கூடுகையிலேயே முதன்முதலாக அணியாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக முழு உடையும் பூண்டு, பழகிய குதிரையில் ஒரு மணி நேரம் சுற்றிவாருங்கள். விறைப்பான துணியின் சரசரப்புக்குக் குதிரையும் பழக வேண்டும்.

வீடு திரும்பியதும் சேற்றைத் துடைக்க வேண்டாம். ஈரச் சேற்றைத் தேய்த்தால் அது துணிக்குள் இறங்கிவிடும். அகலத் தோளுள்ள தொங்கியில் மாட்டி, வெப்பக்கருவிக்குப் பக்கத்தில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் உலரவிட்டு, பிறகு கெட்டியான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். உலர்சலவைக்குப் பருவ முடிவில் ஒருமுறை கொடுத்தால் போதும். அப்போது பொத்தான்களை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுங்கள், தைக்கக் கொடுத்தபோது கேட்டு வாங்கிய உபரிப் பொத்தான் ஒன்றை உள்பையின் ஓரத்தில் தைத்தும் வையுங்கள். என் மூன்றாவது பொத்தான் ஒரு முட்புதருக்குள் எங்கேயோ கிடக்கிறது.